உப்பிலிருந்து வந்த கிணறு

குறிஞ்சிப்பிட்டியில் கிணறு வெட்டுவது பாறையோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை, மணலோடு மல்லுக்கட்டும் வேலை. போன விடுமுறையில் எங்களில் ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்துத் தோட்டத்தில் புதுக் கிணறு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணலின் மேல் ஒரு பெரிய சீமெந்து வளையத்தை வைக்கிறார்கள். ஒரு ஆள் உள்ளே இறங்கி அடி மண்ணை அள்ளி வெளியே அனுப்புகிறார். அள்ள அள்ள வளையம் தன் பாரத்திலேயே கீழே இறங்குகிறது. அது நிலமட்டத்துக்கு வந்ததும் அதுக்கு மேல் இன்னொரு வளையம்.

"மண்ண அள்ளுறது லேசு. அள்ளின இடத்த மண் வந்து மூடாமப் பாக்கிறதுதான் வேல," என்றார் வேலை செய்த நானா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "ஆச வச்சு ஆழமாப் போகவும் ஏலாது. போனா உப்புத் தண்ணி ஏறிடும்."

அன்று இரவு சாப்பிடும்போது தோழியின் வாப்பா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். கடற்றொழில் செய்கிறவர். "கம்பஸ்ல படிக்கிற புள்ளைகள்தானே, சொல்லுங்க பாப்பம். மன்னார்க் கடல்ல கேஸ் ஈக்கிதுன்னு கெணறு தோண்டினாங்களே, அந்தக் கெணத்துக்கு என்ன நடந்த?"

எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள். வரலாறு, புவியியல், தமிழ் என்று ஆளுக்கொரு பாடம். பொறியியல் எங்களுக்குத் தூரம். ஆனாலும் கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து நூலகத்தில் உட்கார்ந்தோம். வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. எண்ணெய்க் கிணறு என்பது முதலில் எண்ணெய்க்காரரின் கண்டுபிடிப்பே இல்லை. அது உப்புக்காரரின் கண்டுபிடிப்பு. புத்தளத்து ஆட்களுக்கு இந்தக் கதை சொந்தக் கதை மாதிரித்தான் இருக்கும்.

மூங்கிலும் உப்பும்

எங்களுக்கு உப்பு வேண்டுமென்றால் களப்புத் தண்ணீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காய வைத்தால் போதும். சீனாவின் சிச்சுவான் மாகாணம் கடலுக்கு வெகு தூரம். ஆனால் அங்கே பூமிக்கடியில் உப்புநீர் இருக்கிறது. அதை எடுக்க அவர்கள் கிணறு தோண்டினார்கள்.

11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிச்சுவானில் ஒரு புது வகைக் கிணறு வந்தது. ஆள் இறங்க முடியாத, கையளவு அகலமுள்ள துளை. கயிற்றின் நுனியில் கனமான இரும்பு உளியைக் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைப்பார்கள். நம்ம ஊரில் உலக்கையால் நெல் குத்துகிற அதே அசைவு. பக்கத்து மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ளே சரியாமல் இருக்க, கணு நீக்கிய மூங்கிலை ஒன்றோடு ஒன்று பொருத்தித் துளைக்குள் இறக்கினார்கள். உப்புநீரை மேலே கொண்டுவரவும் மூங்கில்தான். அதன் அடியில் ஒரு தோல் மடிப்பு இருக்கும். இறங்கும்போது திறக்கும், தூக்கும்போது மூடிக்கொள்ளும். இன்றைக்கு நாங்கள் வால்வு என்று சொல்வது அதுதான்.

1835இல் சிகொங் நகரில் ஷென்ஹாய் என்ற கிணறு 1,001 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. உலகத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கிணறு அது என்று கருதப்படுகிறது. அதிலிருந்து உப்புநீரோடு இயற்கை வாயுவும் வந்தது. அந்த வாயுவை மூங்கில் குழாயில் கொண்டுபோய் எரித்து, அதே உப்புநீரைக் காய்ச்சினார்கள்.

அதாவது, ஆழத்துளையிடல், காப்புக் குழாய், வால்வு, வாயுக் குழாய் என்று இன்றைய கிணற்றின் முக்கால்வாசி உறுப்புகள் பெற்றோல் என்ற சொல்லே கேட்காத உப்புத் தொழிலாளர்களின் கையில் அப்பவே இருந்தன.

கேணல் இல்லாத கேணல்

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. 1808இல் இன்றைய மேற்கு வேர்ஜினியாவில், கனாவா ஆற்றங்கரையில், டேவிட் ரஃப்னர், ஜோசப் ரஃப்னர் என்ற சகோதரர்கள் உப்புநீருக்காகத் துளையிட்டார்கள். ஆற்று மணல் சரியாமல் இருக்க உள்ளே குடைந்த அடிமரம் ஒன்றை நிறுத்தி, அதற்குள் நின்று வேலை செய்தார்கள். நாங்கள் குறிஞ்சிப்பிட்டியில் பார்த்த சீமெந்து வளையத்தின் மரப் பதிப்பு!

அடுத்து வருவது பாடப்புத்தகத்தில் இருக்கிற பெயர்: எட்வின் டிரேக். 1859, பென்சில்வேனியாவின் டைற்றஸ்வில். ஊரில் அவரைக் 'கேணல்' என்று கூப்பிட்டார்கள். அவர் எந்த இராணுவத்திலும் கேணலாக இருந்ததில்லை. ஊர்க்காரர் மதிக்க வேண்டுமென்று கொம்பனிக்காரர் கொடுத்த பட்டம். டிரேக் அமர்த்திய துளையிடுபவர் வில்லியம் ஸ்மித், உப்புக் கிணறுகளுக்குக் கருவி செய்து கொடுத்த கொல்லர்.

டிரேக்குக்கு வந்த பிரச்சினை அந்த நானா சொன்ன அதே பிரச்சினைதான். தோண்டத் தோண்டத் தண்ணீரும் மணலும் உள்ளே விழுந்தன. அவர் என்ன செய்தார்? இரும்புக் குழாயைப் பாறை தட்டும் வரைக்கும் அடித்து இறக்கினார். பிறகு அந்தக் குழாய்க்குள்ளேயே உளியை விட்டுத் துளையிட்டார். ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஏறத்தாழ 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் தெரிந்தது. அந்தக் குழாய் யோசனைக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பிற்காலத்தில் வறுமைப்பட்டு, பென்சில்வேனியா மாநிலம் கொடுத்த உதவிப் பணத்தில்தான் வாழ்ந்தார்.

டிரேக்தான் உலகத்தின் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டியவர் என்று சொன்னால் அசர்பைஜான்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1840களிலேயே பாக்கு நகருக்குப் பக்கத்தில் எண்ணெய்க்காகத் துளையிட்டிருக்கிறார்கள். 'முதல்' யார் என்ற சண்டையில் எங்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ஒரே பிரச்சினைக்கு வேறு வேறு ஊர்களில் ஒரே மாதிரியான விடையைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

பீறிட்டது, பிறகு மூடக் கற்றார்கள்

1901 ஜனவரி 10. டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பிண்டில்டொப் மேடு. அங்கே துளையிட வைத்தவர் அந்தனி லூக்காஸ், உப்புச் சுரங்கங்களில் வேலை பார்த்த பொறியியலாளர். பூமிக்கடியில் உப்பு குவிமாடம் மாதிரி எழும்பி நிற்கும் இடங்களில் எண்ணெய் தங்கும் என்பது அவருடைய எண்ணம். பார்த்தீர்களா, இங்கேயும் உப்பு!

அந்தக் கிணற்றில் மணல் பெரிய தொல்லை கொடுத்தது. துளையைக் கழுவ வெறும் தண்ணீரை விட்டால் சுவர் இடிந்தது. துளையிட்ட ஹமில் சகோதரர்கள் தண்ணீருக்குப் பதிலாகச் சேற்றை விட்டார்கள். மாடுகளைக் குளத்தில் இறக்கி மிதிக்க வைத்துச் சேறு கலக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். சேறு சுவரில் பூசிக்கொண்டு துளையைத் தாங்கியது. இன்றைக்கும் எந்த எண்ணெய்க் கிணற்றிலும் முதல் காவல் இந்தச் சேறுதான். பிற்காலத்தில் அதற்குள் பாரைட் என்ற கனமான தாதுப்பொடியைக் கலந்தார்கள். கீழேயிருந்து தள்ளும் அழுத்தத்தை மேலேயிருந்து சேற்றின் பாரம் அமுக்கிப் பிடிக்கும். பொங்கி வரும் பானையின் மேல் அம்மிக்கல்லை வைக்கிற மாதிரி.

ஆனால் அன்றைக்கு ஸ்பிண்டில்டொப்பில் அந்தப் பாரம் போதவில்லை. சேறு, குழாய், வாயு, கடைசியாக எண்ணெய் எல்லாம் வானத்துக்குப் பாய்ந்தன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய். மூட 9 நாள் பிடித்தது. அந்தக் காலப் படத்தில் ஜனங்கள் அதை வேடிக்கை பார்த்து நிற்கிறார்கள். பீறிடல் என்றால் அன்றைக்குச் செல்வத்தின் அடையாளம். அது விபத்து என்று புரியக் கொஞ்சக் காலம் போனது.

அந்தப் புரிதலுக்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புகள்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தன.

1919இல் ஏர்ல் ஹலிபேட்டன் என்பவர் ஒக்லஹோமாவில் கிணறுகளுக்குச் சீமெந்து போடும் தொழிலைத் தொடங்கினார். இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் சீமெந்துக் கூழை அனுப்பி இறுக்குவது வேலை. வாயு அந்தச் சந்தால் திருட்டுத்தனமாக மேலே ஏறாது.

1922இல் ஜேம்ஸ் அபர்க்ரொம்பி என்ற துளையிடல்காரர், ஹரி கமரன் என்ற இயந்திரக் கடைக்காரரிடம் ஒரு யோசனையோடு போனார். பீறிடலின் ஆபத்தை நேரில் கண்டவர் அவர். இரண்டு பேரும் கடையின் மரத்தூள் தரையில் படம் வரைந்து பார்த்ததாகச் சொல்வார்கள். கிணற்றின் வாயில் ஒரு கனத்த இரும்புப் பெட்டி. இரண்டு பக்கமும் இரண்டு தடித்த அடைப்புகள். ஆபத்து வந்தால் அவை நடுவை நோக்கி நகர்ந்து குழாயை இறுக்கிப் பிடித்துச் சுற்றியுள்ள வழியை அடைத்துவிடும். 1926இல் காப்புரிமை கிடைத்தது. புளோ-அவுட் பிரிவென்டர் என்று சொல்கிறார்களே, அது இதுதான். நாங்கள் பீறிடல் தடுப்பான் என்று சொல்லப்போகிறோம். பின்னால் வந்த வடிவங்களில் குழாயையே வெட்டி மூடுகிற கத்திகளும் சேர்ந்தன.

1927 செப்டெம்பர் 5. பிரான்சின் பெஷல்புரோன். கொன்ராட், மார்செல் என்ற ஷ்லும்பர்ஜே சகோதரர்களின் குழு ஒரு கிணற்றுக்குள் கம்பியில் மின்முனைகளை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கையால் அளந்து எழுதியது. உப்புநீர் நிறைந்த பாறை மின்சாரத்தைக் கடத்தும். எண்ணெயும் வாயுவும் நிறைந்த பாறை கடத்தாது. மண்ணை மேலே கொண்டுவந்து பார்க்காமலேயே கீழே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி கிடைத்தது. இதற்கும் துணை நின்றது உப்பு.

இவர்களில் பலர் பேராசிரியர் இல்லை. கொல்லர், கூலிக்காரர், கடைக்காரர், துளையிடுபவர். அதைவிட முக்கியம், இந்தக் கருவிகளில் பாதி எண்ணெயை எடுப்பதற்காகச் செய்தவை இல்லை. எண்ணெயைத் தடுத்து நிறுத்துவதற்காகச் செய்தவை. தோண்டத் தெரிந்த ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் மனிதன் மூடக் கற்றுக்கொண்டே இருந்தான்.

நங்கூரம் இல்லாமல் நிற்கிற கப்பல்

இனிக் கடலுக்கு வருவோம். ஆழம் குறைந்த கடலில் கால் ஊன்றி மேடை கட்டலாம். ஆயிரம் மீட்டருக்கு மேலே ஆழம் என்றால்? அங்கே கப்பலிலிருந்துதான் துளையிட வேண்டும். காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளும். கீழே குழாய் பூமிக்குள் இருக்கிறது. கப்பல் நகர்ந்தால் குழாய் முறியும்.

1961இல் மெக்சிக்கோவின் குவாடலூப் தீவுக்குப் பக்கத்தில் கஸ்-1 என்ற கப்பல் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் இந்த வேலையைச் செய்தது. எண்ணெய்க்காக இல்லை. பூமியின் மேலோட்டைத் துளைத்துப் பார்க்கும் மோகோல் என்ற ஆராய்ச்சித் திட்டத்துக்காக. கப்பலைச் சுற்றி மிதவைகள், கப்பலில் திசை திருப்பக்கூடிய நான்கு எஞ்சின்கள். ஒரு ஆள் மிதவைகளின் தூரத்தைப் பார்த்துப் பார்த்து எஞ்சின்களைத் திருப்பி, கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைத்தார். அதே ஆண்டில் யுரேக்கா என்ற கப்பலில் இந்த வேலையைக் கருவி தானாகச் செய்யத் தொடங்கியது.

வாப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "பாருக்கு மேல நங்கூரம் போடாம எஞ்சினைக் கூட்டிக் கொறச்சு போட்டைப் புடிச்சி வெப்போம். அதத்தானே சொல்றீங்க?" அதேதான், வாப்பா.

சரி, எங்கட கடலுக்கு என்ன நடந்தது?

இலங்கையின் தேடல் புதிதில்லை. 1974இல் தொடங்கி சோவியத் நிபுணர்களின் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன. 1976இல் பாக்கு நீரிணைப் பக்கம் அமெரிக்கக் கொம்பனி ஒன்று துளையிட்டது. 1981இல் மன்னார் வளைகுடாவில் இன்னொரு கொம்பனி தோண்டிய கிணற்றுக்கு 'பேர்ள்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடல்தானே! ஆனால் இலாபத்துக்கு எடுக்கும் அளவில் எதுவும் அகப்படவில்லை. அதற்குப் பிறகு யுத்தம்.

2003இல் பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. 2008இல் மன்னார் படுகையின் ஒரு பகுதி கெய்ர்ன் கொம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. துளையிட வந்தது சிக்கியு என்ற ஜப்பானியக் கப்பல். ஜப்பானிய மொழியில் 'பூமி' என்று பொருள். நில அதிர்ச்சியை ஆராயக் கட்டிய விஞ்ஞானக் கப்பல் அது. 2011 மார்ச்சில் சுனாமி வந்தபோது ஹச்சினோஹே துறைமுகத்தில் நின்றது. கப்பலைப் பார்க்க வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் அன்றிரவு கப்பலிலேயே தங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அது எங்கள் கடலில் நங்கூரம் இல்லாமல் நின்றது.

2011 ஒக்டோபரில் டொராடோ என்ற கிணற்றில் வாயு இருப்பதாக அறிவித்தார்கள். கடலின் ஆழம் 1,354 மீட்டர். கிணற்றில் 25 மீட்டர் தடிப்புள்ள மணற்கல் படையில் வாயு. அடுத்த மாதம் பாரகூடா என்ற கிணறு. அங்கே கடலின் ஆழம் 1,509 மீட்டர். பாரகூடா என்றால் வேறொன்றுமில்லை, நாங்கள் குழம்பு வைக்கிற சீலா மீன்தான். மூன்றாவதும் 2013இல் தோண்டிய நாலாவதும் பலன் தரவில்லை. 2015இல் கொம்பனி வெளியேறியது. வாயு இன்னமும் கீழேதான் இருக்கிறது. வாப்பா, உங்கட கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்.

அதே 2011இல்தான் எங்கள் குடாநாட்டில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் பகுதியும் வேலை செய்யத் தொடங்கியது. கடல் தாண்டிக் கப்பலில் வந்த நிலக்கரியைக் கரையில் எரிக்கத் தொடங்கிய ஆண்டில், அதே கடலுக்கடியில் வாயு கண்டுபிடிக்கப்பட்டது.

எந்தக் கேள்வியைக் கேட்பது?

பாரகூடாவுக்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2010 ஏப்ரல் 20 அன்று, மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கேயும் கடலின் ஆழம் ஏறத்தாழ 1,500 மீட்டர். கீழே போட்ட சீமெந்து வாயுவைத் தடுக்கவில்லை. கடலடியில் இருந்த பீறிடல் தடுப்பானும் மூடவில்லை. அழுத்தத்தில் குழாய் வளைந்து ஓரத்துக்குப் போனதால் கத்திகளால் அதைச் சரியாக வெட்ட முடியவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் மின்கம்பிகள் பிழையாகப் பொருத்தப்பட்டிருந்ததையும் ஒரு பற்றரி இறங்கியிருந்ததையும் விசாரணை கண்டுபிடித்தது. 87 நாள் எண்ணெய் ஓடியது. அமெரிக்க அரசின் கணக்குப்படி ஏறத்தாழ 49 லட்சம் பீப்பாய்.

பயமுறுத்த எழுதவில்லை. மன்னாரில் கண்டது பெரும்பாலும் வாயு. கசிந்தால் மெக்சிக்கோ மாதிரிக் கறுப்பாகக் கரை ஒதுங்காது. ஆனால் கிணற்றை அடக்கும் கருவிகள் அதேதான்: சேறு, சீமெந்து, தடுப்பான். அபர்க்ரொம்பியின் காலத்திலிருந்து நூறு வருஷம் திருத்தித் திருத்திச் செய்த கருவி, இறங்கிப்போன ஒரு பற்றரியால் உதவாமல் போகலாம். கருவி எவ்வளவு நல்லது என்பதோடு, அதை யார், எப்போது, எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. திரும்பவும் கேள்விப்பத்திரம், திரும்பவும் கப்பல் என்று ஒரு நாள் வரலாம். அன்றைக்கு ரீவியில் கேட்கப்போகும் கேள்வி எங்களுக்கு இப்பவே தெரியும்: "எவ்வளவு கிடைக்கும்? கடன் அடையுமா?" தப்பான கேள்வி இல்லை. பெற்றோல் வரிசையில் நாள்கணக்காக நின்ற நாடு அப்படித்தான் கேட்கும். நாங்களும் நின்றோம்.

ஆனால் கற்பிட்டிப் பக்கத்துக் கடலில் 1992இல் சரணாலயமாக்கிய பவளப்பார் இருக்கிறது. கடற்பசு மேய்கிற புல்வெளி இருக்கிறது. வாப்பாவின் போட் இருக்கிறது. எனவே கரையிலிருந்து இன்னும் சில கேள்விகள் போகவேண்டும். தடுப்பானை எத்தனை நாளைக்கு ஒருக்கால் சோதிப்பீர்கள்? சீமெந்து இறுகியதா என்று யார் கையெழுத்துப் போடுவார்? ஏதும் நடந்தால் மூடியைக் கொண்டுவரும் கப்பல் எந்த நாட்டிலிருந்து, எத்தனை நாளில் வரும்? கடலுக்குப் போகாதே என்று சொன்னால் அந்த நாட்களுக்கு யார் சோறு போடுவது? இதெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஊர்ச் சங்கத்தில் ஒட்டப்படுமா?

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவை என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். வாசித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ஊர்க் கிணற்றை வெட்டிய நானாவுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். மண் சரியாமல் பார்க்க வேண்டும், உப்புத் தண்ணீரை ஏற விடக்கூடாது, ஆசை வைத்து ஆழம் போகக்கூடாது. மிச்சப் பாதியைத்தான் நாங்கள் இங்கே எழுதியிருக்கிறோம்.

கிளம்பும் நாளில் அந்தத் தோட்டத்துக் கிணறு முடிந்திருந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர், குடித்துப் பார்த்தோம். நானா கடைசியாகச் செய்த வேலை, கிணற்றுக்கு ஒரு மூடி போட்டது. "சின்னப் புள்ளைகள் ஓடி விளையாடுற இடம்," என்றார்.